விலக்கப்பட்ட திராட்சையும் தங்கவயல் ஜாடியும்

ஒரு மதுவின் தகுதியை முடிவு செய்வது நாக்கா, சட்டமா? கோலார் தங்கவயலின் கிறிஸ்துமஸ் திராட்சை வைனைப் பற்றிச் சிந்திப்போர் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

1934 டிசம்பரில் பிரான்ஸ் இயற்றிய சட்டத்தைத் தொடர்ந்து இசபெல், நோவா, ஒத்தெல்லோ, கிளின்டன், ஜாக்கே, எர்பெமோன் ஆகிய ஆறு திராட்சை வகைகள் வைன் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. இவை அமெரிக்கக் கொடிவழி வந்தவை. 1860களில் ஃபைலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிரெஞ்சுத் தோட்டங்களை அழித்தபோது, ஏழை உழவர்க்குக் கைகொடுத்தவை இத்தகைய கொடிகளே. பூஞ்சை நோயை எதிர்ப்பதால் இவற்றுக்கு மருந்தடிக்கும் தேவையும் குறைவு. தரக்குறைவு, மெத்தனால் நச்சு என விலக்குக்குக் காரணங்கள் கூறப்பட்டன. ஆனால் அன்றைய பிரான்சில் வைன் மிகையாகப் பெருகி விலை சரிந்திருந்தது என்பதையும் சேர்த்தே அச்சட்டத்தை வாசிக்க வேண்டும்.

இசபெல்லின் நெருங்கிய உறவு 'பெங்களூர் ப்ளூ' என்னும் கருந்திராட்சை. இரண்டும் ஒன்றே என்போரும் உண்டு. தடித்த தோல், கொட்டை, கஸ்தூரியை நினைவூட்டும் மணம் ஆகியவை இதன் அடையாளங்கள். கோலாரும் சிக்கபள்ளாப்பூரும் இது விளையும் மாவட்டங்கள். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய வேளாண் சந்தை விதிமுறை, இசபெல் உள்ளிட்ட அந்த ஆறு பெயர்களையும் மீண்டும் விலக்கியது. ஏறத்தாழ ஒரே கனி, ஒரே ஆண்டில், ஒரு நிலத்தில் மரபுச் செல்வமாகவும் மற்றொன்றில் தகுதியற்றதாகவும் பதிவானது.

பிரான்சில் இதை எதிர்த்தவர்கள் உண்டு. அர்தேஷ் பகுதியின் போமோன் என்னும் சிற்றூரில் எர்வே கார்னியே ஜாக்கே திராட்சையில் வைன் செய்கிறார். விற்பனைக்குத் தடை இருப்பதால், ஒரு சங்கம் அமைத்து அதன் உறுப்பினர்க்கு அதை வழங்கும் வழியைக் கண்டவர் அவர். போஷொலேயின் மார்செல் லாபியேரோ வேறொரு வகையில் தன்வழி சென்றவர். வேதியியலர் ஜூல் ஷோவேயின் வழிகாட்டலில், களைக்கொல்லியைக் கைவிட்டு, தோட்டத்தின் இயற்கை ஈஸ்ட்டையே நம்பி, கந்தகத்தை இயன்றவரை தவிர்த்து, கமே திராட்சையில் இலகுவான சிவப்பு வைனைச் செய்தார். 2010இல் அவர் மறைந்தபோது உலகெங்கும் அவர் பெயர் அறியப்பட்டிருந்தது.

தங்கவயலின் வைனுக்கு அத்தகைய பெயர்கள் இல்லை. ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும் தமிழ்க் கிறித்தவர் வீடுகளிலும் டிசம்பருக்கு முன்பே திராட்சையைக் கழுவி உலர்த்தி, பீங்கான் ஜாடியில் மசித்து, சர்க்கரையும் சிட்டிகை ஈஸ்ட்டும் பட்டை கிராம்பும் சேர்த்து, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறி, சில வாரங்களில் வடிகட்டுவார்கள். சர்க்கரை சேர்ப்பதை லாபியேர் ஏற்றிருக்கமாட்டார். ஆனால் புளிப்பு மிகுந்த இத்திராட்சைக்கு அது தேவை. கந்தகம் சேராத, நிறம் மென்மையான இந்த வைன் கேக்கோடு சிறு கோப்பைகளில் விருந்தினர்க்குச் சென்றது. செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். உரிமமின்றி மது தயாரிப்பது 1965ஆம் ஆண்டின் கர்நாடகக் கலால் சட்டத்தின்படி குற்றம் என்பதால், இது வீட்டு வாசலைத் தாண்டி வணிகமாகவில்லை.

தங்கவயல் பற்றிய ஆய்வுகள் தங்கத்தையும் சிலிக்கோசிஸ் நோயையும் வேலைநிறுத்தங்களையும் சயனைடு மண்மேடுகளையும் பேசியுள்ளன, அவை தேவையானவை. அங்கு குடி என்றால் கள்ளும் சாராயமும், அவற்றால் இழந்த வேலைநாட்களும், அரசுக்குச் சேர்ந்த வருவாயும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. நிர்வாகத்தின் கண் எதைப் பார்த்ததோ அதுவே ஆவணமாயிற்று. சமையலறை ஜாடியை எந்த அதிகாரியும் எண்ணவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று, இலாபமில்லை எனக் கூறிச் சுரங்கம் மூடப்பட்டது. அதுவும் வெளியிலிருந்து வந்த ஓர் அளவுகோலின் தீர்ப்பே. அதன்பின் குடும்பங்கள் பெங்களூருக்கும் கடல் கடந்தும் சிதறின. பாட்டிமாரின் அளவுகள் எழுதப்படாமலே மறைந்து வருகின்றன. போமோனில் ஒரு கொடியைக் காக்கச் சங்கம் எழுந்தது. இங்கே கொடிக்குக் குறியீடு கிடைத்துவிட்டது. அதைச் சுவையாக மாற்றிய கைகளுக்கு இன்னும் ஒரு வரிப் பதிவுகூட இல்லை. ராபர்ட்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃபிலும் முதியோர் இருக்கும்போதே வாய்மொழி வரலாற்று மாணவர்கள் அங்கே செல்ல வேண்டும்.