அப்பா அளந்த தூரம்

போன மாதச் சுவர் இதழில் பாதிப் பக்கம் கிரிக்கெட்தான். அதனால் நான் கோல்ஃப் பற்றி எழுதுகிறேன். "அது பணக்காரங்க விளையாட்டாச்சே, உனக்கெப்படிடா தெரியும்?" என்று கேட்பீர்கள். என் அப்பா நம்ம ஊட்டி கோல்ஃப் மைதானத்தில் கேடி. விளையாடுகிறவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவர். இதை நான் வகுப்பில் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

கோல்ஃப் ஆடுபவர் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அதில் ரொம்ப நீளமானது, பெரிய தலை உள்ளது 'டிரைவர்'. தூரமான குழிக்கு முதல் அடி இதில்தான். பந்தை டீ மேல் வைத்து அடிப்பார்கள். (டீ என்றால் நம்ம எஸ்டேட் டீ இல்லை, பந்தைத் தாங்கும் சின்னக் குச்சி!) முன்பு டிரைவரின் தலையை பெர்சிமன் மரத்தில் செய்தார்கள். அது நம்ம கருங்காலிக்குச் சொந்தக்கார மரம். இப்போது டைட்டானியத்தில், உள்ளே காலியாகச் செய்கிறார்கள். தலை 460 சி.சி.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி.

போன வருடம் சின்னப் பசங்களுக்கு ஒரு போட்டி வந்தது. எனக்கு டிரைவர் இல்லை. அப்பாவுக்குப் பழக்கமான ஒரு ஐயா தன்னுடைய பழைய டிரைவர் இரண்டைக் காட்டி, "எது பிடிக்குதோ எடுத்துக்கோ, இரண்டாயிரம் போதும்" என்றார். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாங்க.

ஒன்று கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. அதன் முகச் சாய்வு 9 டிகிரி, தண்டு விறைப்பு. இன்னொன்று பெயின்ட் உரிந்தது. சாய்வு 12 டிகிரி, தண்டு கொஞ்சம் வளையும். நான் கறுப்பை எடுத்து ஒரு அடி அடித்தேன். பந்து பறந்தது பாருங்கள்! அப்பா நடந்து எண்ணிவிட்டு, "210 அடி எடுத்து வச்சேன்" என்றார். "இதுதான் வேணும்" என்றேன்.

"அவசரப்படாத கண்ணு. ரெண்டுலயும் பத்துப் பத்துப் பந்து அடி. அப்புறம் பாக்கலாம்" என்றார் அப்பா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க பை தூக்கறவர்தானே, உங்களுக்கென்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பந்துக் கூடையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அடித்தேன். கறுப்பு மட்டையில் பத்தில் ஐந்து வலப்பக்கம் வளைந்து கற்பூர மரங்களுக்குள் போய்விட்டது. பழையதில் நல்ல அடியே 190 எட்டுதான். ஆனால் எட்டுப் பந்து புல்வெளியிலேயே கிடந்தது.

அப்பா அப்போதுதான் விளக்கினார். சாய்வு குறைவாக இருந்தால், வேகமாக அடிக்கிறவருக்குத்தான் பந்து சரியாக எழும்பும். என் வேகத்துக்கு அது சீக்கிரம் விழுந்துவிடும். சாய்வு கூடினால் பந்து எழும்பும், பக்கவாட்டில் வளைவதும் குறையும். விறைப்பான தண்டை மெதுவாக வீசினால் மட்டை முகம் நேராகத் திரும்பி வராமல், பந்து பெரும்பாலும் வலப்பக்கம் போகும்.

"இன்னொண்ணு கண்ணு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்க காத்து லேசு, பந்து கூடத்தான் போகும். இதே அடி கோயமுத்தூர்ல அவ்வளவு தூரம் போகாது. அதனால தூரத்தைப் பாத்து ஏமாறாத" என்றார்.

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கச் சொன்னார். முகத்தின் நடுவில் பட்டால் கையில் ஒன்றுமே தெரியாது, சத்தமும் சுத்தமாக இருக்கும். ஓரத்தில் பட்டால் கை அதிரும். ஊட்டிக் குளிரில் அது எப்படி வலிக்கும் தெரியுமா! பழைய மட்டையில் வலி குறைவாக இருந்தது. அதையே வாங்கினோம்.

போட்டியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் ஒரு பந்துகூடத் தொலையவில்லை. கறுப்பு மட்டையோடு போயிருந்தால் பாதி நேரம் புதருக்குள்தான் இருந்திருப்பேன்.

பிறகுதான் ஒன்று தெரிந்துகொண்டேன். 1991-ல் இந்தியன் ஓப்பன் ஜெயித்த அலி ஷெர், 2009-ல் ஜெயித்த பெங்களூர் முனியப்பா, இரண்டு பேருமே ஒரு காலத்தில் பை தூக்கியவர்கள்.

நண்பர்களே, மட்டையோ வேறு எதுவோ, ஒரே ஒரு தடவை நன்றாக வந்ததை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பத்துத் தடவையில் எத்தனை தடவை சரியாக வருகிறது என்று பாருங்கள். அந்தப் பத்தையும் நடந்து எண்ணிச் சொல்ல ஒருவர் இருந்தால், அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள்.

நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்கு அப்பாவிடம் இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை. நேரில் வாய் வரமாட்டேங்குது. வரும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அப்பா வருவார். இந்தச் சுவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் படிப்பார். அதுவரை இந்தத் தாளை யாரும் கிழித்துவிடாதீர்கள், ப்ளீஸ்!



– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்