கடைசிப் பக்கத்திற்குப் பின்

நெடுங்கதை ஒன்றைப் படித்து முடிக்கும்போது மகிழ்ச்சியும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன. முடிவை அறிய விரைகிறோம்; அது நெருங்கியதும் பக்கங்களை மெல்லத் திருப்புகிறோம். அமெரிக்க எழுத்தாளர் பெத் ரெவிஸ் இளையோருக்காக எழுதிய விண்வெளிப் புதின வரிசையின் மூன்றாம் நூலை அண்மையில் முடித்தபோது எனக்கும் அந்நிலையே வாய்த்தது. 2011இல் ‘அக்ராஸ் தி யுனிவர்ஸ்’, 2012இல் ‘எ மில்லியன் சன்ஸ்’, 2013இல் ‘ஷேட்ஸ் ஆஃப் எர்த்’ என ஆண்டுக்கு ஒன்றாக இவை வெளிவந்தன.

‘காட்ஸ்பீட்’ என்னும் விண்கலம் வேறொரு கோளை நோக்கிச் செல்கிறது. சென்று சேர ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆகும். புவியில் பிறந்த ஏமி என்னும் பெண், தன் பெற்றோருடன் உறைநிலையில் உறங்கியபடி பயணம் செய்கிறாள். உரிய காலத்திற்கு 50 ஆண்டுகள் முன்னரே எழுப்பப்படுகிறாள். எல்டர் என்னும் இளைஞனோ கலத்திலேயே பிறந்தவன். அவன் முன்னோர் பல தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்து மறைந்தவர்கள். உலோகக் கூரையே அவன் அறிந்த வானம். ஏமியும் எல்டரும் மாறி மாறிக் கதை சொல்கின்றனர். ஒரே கலம் அவளுக்குச் சிறையாகவும் அவனுக்கு வீடாகவும் இருப்பதை நாம் இருவர் கண்களாலும் காண்கிறோம்.

மூன்றாம் நூலில் மக்கள் புதிய கோளில் இறங்குகின்றனர். சேருமிடம் வந்ததும் துன்பம் தீர்ந்துவிடவில்லை. உறக்கத்திலிருந்து எழுந்த புவியினரும் கலத்தில் பிறந்தோரும் இரு பிரிவாக நிற்கின்றனர். முன்னவர் பின்னவரைத் தாழ்வாக எண்ணுகின்றனர். இறங்க மனமின்றிக் கலத்திலேயே தங்கிவிட்டோரும் உண்டு. அவர்களுக்கு அதுவே ஊர்.

மாணவர்களே, இப்பகுதியைப் படிக்கையில் உங்கள் முகங்களே என் நினைவில் நின்றன. “உன் ஊர் எது?” என்று கேட்டால், உங்களில் சிலர் தாத்தாவும் பாட்டியும் வாழும் ஊரைச் சொல்கிறீர்கள்; சிலர் பிறந்து வளர்ந்த இந்நகரைச் சொல்கிறீர்கள்; சிலர் தயங்கி நிற்கிறீர்கள். விடுமுறைக்குச் சென்றால் உறவினர்கள் தன் தமிழைக் கேட்டுச் சிரிப்பதாக ஒரு மாணவி என்னிடம் வருந்தினாள். ஏமியின் பேச்சும் கலத்து மக்களுக்கு அயலாகவே ஒலித்தது. அதனால் அவள் பேசாமல் இருந்துவிடவில்லை.

ஏமி புவியை வாழ்ந்து அறிந்தவள். எல்டர் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தவன். காணாத நிலத்தின்மீது அவன் கொண்ட ஏக்கம் அவளுடைய நினைவுகளுக்குச் சற்றும் குறைந்ததன்று. உங்களில் பலர் எல்டரைப் போன்றவர்கள். நீங்கள் தமிழ்நாட்டைப் பெற்றோர் சொல்லக் கேட்டே பெரிதும் அறிந்திருக்கிறீர்கள். அதற்காக நாணவேண்டியதில்லை.

மேல்வகுப்பை எட்டியபின் இம்மூன்று நூல்களையும் வரிசையாகப் படியுங்கள். முடிவை நான் சொல்லப்போவதில்லை. அதற்கு முன், இன்று வீட்டுக்குச் சென்றதும் பெரியவர்களிடம் அவர்கள் பிறந்த தெருவைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு பக்க அளவில், உங்களுக்கு வரும் தமிழில் எழுதி வாருங்கள்.