நந்தி மலை அடிவாரத்தில் இளம் ஒயின்

பிரான்ஸில் லியோன் நகருக்கு வடக்கே உள்ள போஜோலே வட்டாரத்தில் கமே என்னும் கருந்திராட்சையிலிருந்து தயாராகி, அறுவடை முடிந்த சில வாரங்களிலேயே கடைக்கு வரும் சிவப்பு ஒயின் ‘போஜோலே நூவோ’ எனப்படுகிறது. 1951இல் அரசின் இசைவு பெற்ற இந்த முன்விற்பனை, 1985 முதல் நவம்பர் மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமையன்று தொடங்குகிறது. நசுக்காத முழுக் கொத்துகளைக் கரியமில வாயு நிறைந்த தொட்டியில் அடைக்கும்போது, பழத்தின் உள்ளேயே நொதித்தல் தொடங்கிவிடுகிறது. தோலும் விதையும் சாற்றில் நெடுநாள் ஊறாததால், டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள் குறைவாகவே இறங்கி, வாழைப்பழ வாசனையும் மென்மையும் மேலோங்குகின்றன.

பெங்களூரில் அதே நவம்பரில் கொடிகளில் பறிக்கப் பழம் இராது. கோடையில் ஒருமுறை, செப்டம்பர்–அக்டோபரில் காய்ப்புக்காக மறுமுறை எனக் கவாத்து செய்யப்படும் ஒயின் திராட்சைக் கொடிகளில் அப்போதுதான் பூவும் பிஞ்சும் தென்படும். அறுவடையோ பிப்ரவரி, மார்ச்சில்தான் மும்முரமாகும். ஆகவே இந்நகரத்து இளம் ஒயினுக்குரிய பருவம் இலையுதிர்காலமன்று, கோடையின் வாசலாகும்.

பெங்களூருக்கு அருகே, தொட்டபள்ளாப்பூர்ப் பக்கம் நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் குடும்பம் 1988இல் தொடங்கிய தோட்டமே இப்பகுதியின் முன்னோடியாகும். மிஷேல் ரொலான் என்ற பிரெஞ்சு ஒயின் வல்லுநர் இதற்கு ஆலோசகராக இருந்தார். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற ‘பெங்களூர் நீலம்’ திராட்சையும் இவ்வட்டாரத்தில் பந்தலில் படர்கிறது. பந்தலில் பறிப்பவர்கள் கழுத்தை அண்ணாந்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடியே நாளெல்லாம் வேலை செய்ய வேண்டும். கம்பி வரிசைகளில் கட்டிய ஷிராஸ், கபெர்னே போன்ற பிரெஞ்சு இரகங்களோ இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடையே தொங்குவதால், கழுத்துக்குக் கிடைக்கும் ஓய்வை முதுகு ஈடுகட்டுகிறது. வெயில் ஏறுமுன் பறித்தால்தான் பழம் சூடேறாமல் ஆலை சேரும் என்பதால், விடியலிலேயே கத்தரியுடன் வரிசையில் இறங்குபவர்கள், ஒரு கையால் கொத்தைத் தாங்கி மறு கையால் காம்பை வெட்டி, அழுகிய மணிகளை அங்கேயே உதிர்த்துவிட்டு, மிச்சத்தைப் பழம் நசுங்காதபடி பிளாஸ்டிக் கூடையில் வைக்கின்றனர். சாறு பட்டு விரல்கள் பிசுபிசுக்க, தேனீக்கள் கூடவே வருகின்றன. நூவோ முறைக்கு முழு மணிகள் இன்றியமையாதவை என்பதால், போஜோலேயிலும் அதற்கான பழத்தைக் கையால்தான் பறிக்கின்றனர். ஒயின் நூல்கள் ஆலோசகர்களுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியையேனும் இக்கைகளுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

நந்தி அடிவாரத்து ஆலையில், நொதித்து முடிந்த சில நாட்களில் எஃகுத் தொட்டியின் சிறு குழாயிலிருந்து பிடிக்கும் சிவப்பு ஒயின் கலங்கலாக, கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். வாயு முற்றிலும் வெளியேறாததால் நாக்கில் குறுகுறுக்கும். ஈஸ்ட் வாசனையும் கூரிய புளிப்பும் முன்நிற்க, நசுக்கிய தோலுடன் ஊறிய துவர்ப்பு ஈறுகளைப் பிடிக்கும். நிறம் பார்த்து, முகர்ந்து, வாயில் சுழற்றி உமிழ்வதே சுவைப்போர் முறை. நூவோவைப் பெங்களூரின் அறை வெப்பத்தில் ஊற்றினால் சாராய நெடியே மிஞ்சும் என்பதால், 12–13 பாகை செல்சியஸுக்குக் குளிர்விப்பது தகும்.

சுங்க வரியும் விமானக் கூலியும் சேர்ந்து விலை ஏறிய நூவோ புட்டியைப் பெங்களூரில் தேடுவதைவிட, மார்ச்சில் நந்தி அடிவாரத்துக்குச் சென்று தொட்டி ஒயினைச் சுவைப்பதே இளம் ஒயினை அறிய நேரிய வழியாகும்.