துளையின் அரசியல்

எங்கள் தொண்டிக் கடற்கரையில் பாய்மர வத்தைகளுக்கு டீசல் இயந்திரம் பூட்டிய காலம் உண்டு. மரம் பழையது, விசை புதிது. இயந்திரத்தின் அதிர்வில் இணைப்புகள் தளர, தச்சர்கள் மீண்டும் மீண்டும் பலகைகளை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். பழைய சுழல்துப்பாக்கிகளை வேறு விட்டத்துக்கு மாற்றுவதைப் பற்றி வாசித்தபோது அந்த வத்தைகளே நினைவில் எழுந்தன.

பிரிட்டிஷ் படைக்காக 1915இல் வந்தது வெப்லி மார்க் ஆறு. அதன் தோட்டா .455 விட்டம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் உபரியாக அமெரிக்கச் சந்தைக்குப் போனவற்றுக்கு அங்கே தோட்டா அரிதாக இருந்தது; .45 ஏ.சி.பி. தோட்டாவோ தாராளமாகக் கிடைத்தது. ஆகவே உருளையின் பின்முகத்தைச் சற்றே சீவினார்கள். இந்தத் தோட்டாவுக்குப் புடைத்த விளிம்பு கிடையாது. பிறை வடிவக் கவ்வியொன்று விளிம்பின் வேலையைச் செய்கிறது. சீவியது அந்தக் கவ்வி அமர்வதற்காக. கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் .455 தோட்டா மிதமான அழுத்தத்தில் இயங்குவது; முழு வீரியமுள்ள .45 தோட்டாவின் அழுத்தம் அதைவிட வெகு அதிகம். சுடுபவன் அறியாமலேயே உருளை ஒவ்வொரு வெடிப்பிலும் நைந்துகொண்டிருக்கும்.

அங்கே விட்டத்தை மாற்றியது தோட்டா கிடைப்பதற்காக. இங்கே நடந்தது நேர் எதிர். பிரிட்டிஷ் ஆட்சியில், கல்கத்தாவை அடுத்த இஷாப்பூர் தொழிற்சாலையில் .303 ரைபிள்களின் குழலைக் குடைந்து, உட்புறத்துச் சுருள்வரிகளை அழித்து, .410 விட்டமுள்ள மஸ்கட்டுகளாக்கினார்கள். தோட்டாப் பெட்டி இருந்த இடத்தை மரக்கட்டையால் அடைத்தார்கள். கடையில் விற்கும் .410 வேட்டைத் தோட்டா அதில் பொருந்தாது. அதற்கெனச் செய்த தோட்டாதான் வேண்டும். துளை பெரிதாயிற்று, வல்லமை சிறிதாயிற்று.

ஆயுதப்படையில் இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா அதைத் தூக்கித் திரிந்தவர். "பாக்கத்தான்டா ரைபிளு. ஒண்ணு சுட்டா ஒண்ணு போடணும்," என்பார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதில் ஒரு கசப்பு இருந்தது. அந்த மரக்கட்டை கூட்டத்தை நோக்கி வைக்கப்பட்டதல்ல. துப்பாக்கி ஏந்தியவன் எந்நேரமும் திரும்பக்கூடும் என்ற ஐயத்தில், அவனை நோக்கி வைக்கப்பட்டது.

இந்த ஐயம் வெள்ளைக்கார வேட்டைக்காரர்களையும் விடவில்லை. .450 விட்டத் தோட்டாக்கள் கலகக்காரர்களின் மார்ட்டினி ஹென்றி ரைபிள்களுக்குப் பயன்படும் என்று அஞ்சி, 1907இல் அந்த விட்டத்துக்கு இந்தியாவில் தடை வந்தது. லண்டன் துப்பாக்கிக்காரர்கள் .470, .465 என்று புதிய விட்டங்களைத் தேடிப் போனார்கள். யானை வேட்டையில் பெயர்பெற்ற அந்த எண்களின் பின்னால் இருப்பது யானையல்ல, 1857இன் நினைவு.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், செய்வதோடும் விற்பதோடும் 'மாற்றுவதை'யும் உரிமத்துக்குள் அடக்கியது. சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. சட்டம் வேண்டியதுதான், வீட்டுப் பட்டறையில் உருளை சீவுவதை யாரும் ஆதரிக்க மாட்டார்கள். ஆனால் மஸ்கட்டும் பல பத்தாண்டுகள் நம் காவலர்களின் தோளில் தொடர்ந்தது. ஆட்சி கைமாறிற்று, தன் காவலனையே நம்பாத அந்த மரக்கட்டையை உருவியெறிய எவருக்கும் தோன்றவில்லை.