பரிசாக வந்த குலச்சின்னம்

வடக்கு டெல்லியில் புராரி சாலையோரம் இருக்கிறது கொரனேஷன் பார்க். 1877 ஜனவரி 1-ம் தேதி விக்டோரியா மகாராணி இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவிக்கப்பட்டது இங்கேதான். வைஸ்ராய் லிட்டன் நடத்திய அந்த தர்பாருக்கு வந்த சமஸ்தானாதிபதிகளுக்கு ஒரு விசித்திரப் பரிசு காத்திருந்தது. ஆளுக்கொரு பட்டுக் கொடி. அதில் அவரவர் வம்சத்துக்கென ஐரோப்பிய பாணியில் ஒரு கேடயச் சின்னம்.

சின்னங்களை உருவாக்கியவர் ராபர்ட் டெய்லர் என்ற வங்காள சிவில் சர்வீஸ் அதிகாரி. வம்சக் கதை, வரலாறு, நிலப்பரப்பு என்று கிடைத்ததையெல்லாம் கேடயத்துக்குள் அடைத்தார். சூரிய வம்சம் என்பதால் உதய்பூருக்குச் சூரியன். கொடிகள் பயங்கர கனம். ஒன்றைத் தூக்கவே ஸ்காட்லாந்தின் ஹைலேண்டர் சிப்பாய்கள் இரண்டு பேர் வேண்டியிருந்ததாம்!

அந்தச் சிப்பாய்களின் நாட்டில் சின்னம் என்பது விளையாட்டல்ல. 1672-ல் இயற்றப்பட்ட சட்டப்படி, லார்ட் லையன் என்ற அதிகாரியின் பதிவேட்டில் ஏறாத சின்னத்தைப் பயன்படுத்துவது குற்றம். அவருக்கென்று தனி நீதிமன்றமே உண்டு. 'குடும்பச் சின்னம்' என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதுவும் அங்கே கிடையாது. சின்னம் ஒரு தனி நபரின் சொத்து. தம்பிக்கு வேண்டுமென்றால் ஏதாவது வித்தியாசம் செய்து தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். முக்கியமாக, வேண்டும் என்பவர்தான் விண்ணப்பிப்பார்.

டெல்லியில் யாரும் விண்ணப்பிக்கவில்லை. மொகலாய பாதுஷா கில்லத் என்ற அங்கியைப் போர்த்துவார். வாங்கிக்கொள்பவர் அவருக்குக் கட்டுப்பட்டவர் என்று அர்த்தம். லிட்டன் அங்கிக்குப் பதில் கொடியைக் கொடுத்தார், அவ்வளவுதான். சின்னம் நமக்கும் புதிதல்ல. சோழர்களின் செப்பேட்டு முத்திரையில் புலியின் பக்கத்திலேயே பாண்டியரின் மீனும் சேரரின் வில்லும் இருக்கும். ஜெயித்தவன் தோற்றவனின் சின்னத்தை எடுத்துக்கொள்வது அந்தக் கால வழக்கம். 1877-ல் ஜெயித்தவர்கள் சின்னத்தைத் தயாரித்தே கொடுத்தார்கள். கொடிகள் கைமாறிய அதே நாட்களில் சென்னை ராஜதானியில் தாது வருஷப் பஞ்சம் ஜனங்களைக் கொன்றுகொண்டிருந்தது.

1971-ல் அரசியல் சட்டத்தின் 26-வது திருத்தம் மன்னர்களின் அங்கீகாரத்தையும் மானியத்தையும் பறித்தது. சாரநாத் சிங்கங்களைத் தனியார் உபயோகிக்கக்கூடாது என்று 2005-ல் தனிச் சட்டமே வந்தது. அரண்மனைச் சின்னங்களைக் காக்க இங்கே ஒரு லார்ட் லையன் இல்லை. மைசூர் மன்னர்களின் இருதலைப் பட்சி கண்டபேருண்டம் தப்பித்துவிட்டது. அது இப்போது கர்நாடக அரசின் முத்திரையில் இருக்கிறது.