கத்தரிக்கு முன் கட்டைவிரல்

வீட்டுக்கே வந்து பூனைக்கு நகம் வெட்டிவிடும் தொழில் நம் நகரங்களில் பெருகிவிட்ட நேரத்தில், உள்ளங்காலில் முளைக்கும் கொம்பைப் பற்றிப் பேசியாக வேண்டியிருக்கிறது. அதை வெட்டுவது இரண்டு நிமிட வேலை. கால்நடை மருத்துவமனைகளில் நான் கவனித்தவரையில், திறமையெல்லாம் பூனையைப் பிடிக்கும் உதவியாளரின் கட்டைவிரலில்தான் இருக்கிறது. துண்டால் உடம்பைச் சுற்றி, ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து, விரலை மேலும் கீழுமாக மெல்ல அழுத்துகிறார். நகம் நீண்டு வருகிறது. விட்டதும் உள்ளே போகிறது. கொம்பு அசையாமல் நிற்கிறது. நகத்துக்குக் கீழே, பாதத் திண்டிலிருந்து புறப்பட்டு, இன்னொரு நகம் போலவே வளைந்து, சாம்பல் பூத்து வறண்டிருக்கும். கிழட்டுப் பூனைகளுக்கு நகமே தடித்துச் சுருண்டு திண்டுக்குள் இறங்கிவிடுவதும் உண்டு. வேர் எங்கே என்று விரலால் தடவிப் பார்க்காதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்தப் பார்வைதான் சிகிச்சையின் பாதி என்பது என் கட்சி. கொம்பும் நகத்தைப் போலக் கெராட்டின்தான். நுனியிலிருந்து சிறிது சிறிதாக நறுக்கினால் வலிக்காது. அடியை ஒட்டி வெட்டினால் ரத்தம் வரும். எப்படி வெட்டினாலும் பெரும்பாலும் மறுபடி வளரும். கேள்வி அது ஏன் முளைத்தது என்பதே. பல திண்டுகளில் ஒருசேர முளைத்தால், 1964இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட்டும் சகாக்களும் கண்டறிந்த பூனை லுக்கீமியா வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். எச்சில் வழியாகப் பரவும் அதற்கு, நாம் வழக்கமாகப் போடும் முத்தடுப்பூசியில் காப்பு இல்லை. ஒற்றைக் கொம்பின் அடியில், அரிதாக, தோல் புற்றும் இருக்கலாம். நறுக்கிய நுனியைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பயனில்லை. செத்த கெராட்டின் எதையும் காட்டிக்கொடுக்காது. அடித்தோலோடு எடுத்துத்தான் ஃபார்மலினில் போட வேண்டும்.

பெரும்பாலான கொம்புகள் தீங்கற்றவைதானே, எதற்கு வீண் செலவு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வைரஸ் பரிசோதனைக்குச் சில சொட்டு ரத்தம் போதும், முடிவு சில நிமிடங்களில் வந்துவிடும். வைரஸ் இல்லை, பூனை நொண்டவுமில்லை, மருத்துவர் பார்த்து வேறு சந்தேகமும் இல்லையென்றால், வளர வளர நறுக்கிவிட்டாலே போதும். பழகியபின் வீட்டிலேயே செய்யலாம். நிஜமாகவே வீண் செலவு என்றால் மருந்துக்கடையில் வாங்கும் ஆணிக்கால் பிளாஸ்டர்தான். அதிலிருக்கும் சாலிசிலிக் அமிலத்தைப் பூனை நக்கிவிடும். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனை ஈரலுக்கு மிகக் குறைவு. விஷமாகிவிடும்.

நகம் வெட்ட வரும் பையன் மருத்துவரா, அவரிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்பது அடுத்த ஆட்சேபம். நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உள்ளே போகாத நகத்தைக் கண்டால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னால் போதும். ஆனால் பூனைக்கு இவ்வளவு என்று கூலி பேசி அனுப்பினால், நிறுத்திப் பார்க்கும் நேரம் அவர் சொந்தக் காசு. ரத்தம் வந்தால் வசவும் அவருக்கே. நடுவில் கமிஷன் எடுப்பவர் அந்த வீட்டு வாசலைக்கூட மிதிப்பதில்லை. அந்த நேரத்துக்கும் பயிற்சிக்கும் உள்ள கூலியை அந்தக் கமிஷனிலிருந்துதான் கழிக்க வேண்டும்.