கேஸ் தீர்ந்த கதை

சகோதரிகளே, நீங்களும் என்னைப்போல் ஏமாந்ததுண்டா?

சித்திரை மாதம். கண் ஆபரேஷன் முடிந்து மாமியாரைக் காரில் அழைத்து வந்துகொண்டிருந்தோம். கிண்டியைத் தாண்டுவதற்குள் ஏ.சி.யிலிருந்து அனல் காற்று! "ஏண்டி, அடுப்பங்கரைக்கா அழைத்து வந்தாய்?" என்றார் கண்ணில் கட்டோடு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெற்றி வியர்வை கட்டுக்குள் இறங்கிவிடுமோ என்று அடிவயிறு கலங்கிற்று.

முந்திய இரண்டு கோடையிலும் இதே கதைதான். "கேஸ் தீர்ந்துவிட்டது" என்பார்கள், நிரப்புவார்கள். என் கணவரும் பால் கணக்கு மாதிரி பணத்தைக் கொடுத்துவிட்டு வருவார்!

இம்முறை புதுப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் நானே போனேன். "கேஸ் என்ன பெட்ரோலா அம்மா, தீர்ந்துபோக? மூடின குழாய்க்குள்ளேயே சுற்றுகிற வஸ்து. குறைந்தால் எங்கேயோ கசிகிறது" என்றார். கொஞ்சம் கேஸோடு ஒரு சாயத்தையும் செலுத்தி, நாலு நாள் ஓட்டி வரச் சொன்னார். பிறகு ஊதா டார்ச்சைக் காட்டினார். ரேடியேட்டருக்கு முன்னாலிருக்கும் கண்டென்ஸரின் குழாய் மூட்டில் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தது! நைந்துபோன ரப்பர் வளையம், சுண்டைக்காய் விலை.

அதை மாற்றி, குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்சியெடுத்த பிறகுதான் கேஸ். அதுவும் பானெட்டின் அடியில் ஒட்டியுள்ள சீட்டின்படி, கிராம் கணக்கில் எடை போட்டு. (கூடினாலும் குளிராதாம்!)

பத்து நாள் கழித்து மாமியாரை மறுபடி டாக்டரிடம் அழைத்துப் போனோம். பாதி வழியில் போர்வை கேட்டார்.